தனுபியுவில் நான் புதைத்தவன்

நாலாவது அடி விழவில்லை. மூன்று அடி சரியாக விழுகிறது, நாலாவதில் குச்சி தோலை உரசிவிட்டுப் போகிறது, பிறகு மறுபடி மூன்று. ஆற்றில் கட்டியிருக்கிற பர்மாக்காரப் படகுகளில் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. வெயில் மண்டைக்குள் இறங்கிவிட்டது, காது தானாக எதையோ கேட்கிறது என்று முதலில் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். தலையைத் திருப்பக்கூடாது. காவலில் நிற்கிற சிப்பாய் நேரே பார்க்க வேண்டும். எனக்கு நேரே இருப்பது கூடாரத்தின் துணிச்சுவர், அதில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. ஆறு வலப்பக்கம். அடிக்கிறவன் அங்கே. ஆனால் சடையன் அங்கே இருக்க முடியாது. சடையன் என் தம்பி, எங்கள் பட்டாளத்தில் மேளம் அடிக்கிற தம்பூர்க்காரன், பதினோரு மாதத்துக்கு முன்னால் தனுபியுக் கோட்டைச் சண்டையில் காணாமல் போனவன். காணாமல் போன ஆறாம் நாள் அவனை என் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தேன். புதைத்தவனுக்குத் தெரியாதா? சுபேதார் கேட்டார், துரை கேட்டார், இது என் தம்பிதான் என்று சொன்னவன் நான். அவன் பெயரைப் பட்டாளத்து ஏட்டில் என் கண்ணெதிரே கோடு போட்டு அடித்தார்கள், பேனா கரகரவென்று போனது. மூன்று அடி. உரசல். இந்த எழவெடுத்த ஊரில் மேளத்துக்கா பஞ்சம், எவனோ அடிக்கிறான், அடித்துத் தொலையட்டும்.

யந்தபோ என்று பெயராம் இந்த இடத்துக்கு. ஒரு பெரிய மரம், மணல், வற்றிப்போன ஐராவதி, அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு வருஷம் நடந்தோம்? மரத்தடியில் கூடாரம் போட்டு, உள்ளே மேஜை போட்டு, மேஜைக்குச் சிவப்புத் துணி போட்டு, பெரிய துரை உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஆவா ராஜாவின் மந்திரி. சமாதானப் பத்திரம் எழுதுகிறார்கள். எந்த மலை யாருக்கு, எந்தக் கடற்கரை யாருக்கு என்று காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வாசிக்க, ஒருவன் பெயர்த்துச் சொல்ல, இன்னொருவன் இருமுகிறான். எனக்கு இதில் யார்மீதும் பிரியமில்லை. மந்திரியைப் பிடிக்கவில்லை, வாயில் குதப்பின வெற்றிலையோடு அவர் சிரிக்கிற சிரிப்பைப் பிடிக்கவில்லை. துரையைப் பிடிக்கவில்லை, மெட்ராசில் கப்பல் ஏற்றும்போது மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்ன வாய் அது. எங்கள் அவில்தார் ராகவலு நாயுடுவை எப்போதுமே பிடிக்காது. இந்த வெட்டுக்கிளியையும் பிடிக்கவில்லை, என்ன ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது பார். தோட்டாவோடு சேர்த்துத் துப்பாக்கி கனக்கிறது. எனக்குக் கொடுத்த வேலை கயிறு. கூடாரத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள், கயிற்றைத் தாண்டிப் பர்மாக்காரன் எவனும் குடை பிடித்துக்கொண்டு வரக்கூடாது. அது ஒரு உத்தரவு. இவர்களுக்குக் குடைதான் கௌரவம். மந்திரிக்குப் பொன் பூசின குடை, அதற்கு அந்தண்டையும் இந்தண்டையும் ஆள். அதை மடக்கச் சொல்லி வெறுந்தலையோடு உள்ளே அனுப்ப வேண்டும்.

அனுப்பினேன். காலையில் மந்திரி வந்தபோது துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தேன். குடைக்காரக் கிழவன் என் முகத்தைப் பார்த்தான், மந்திரி முகத்தைப் பார்த்தான். மடக்கினான். மந்திரியின் வழுக்கைத் தலையில் வெயில் பளீரென்று அடித்தது. நான் உள்ளுக்குள் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பெரிய தெருவில் எங்கள் மாமன் ஒரு தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கினதற்கு அந்தக் குடையாலேயே அடித்தார்கள், குடை உடைந்த பிறகு கையால் அடித்தார்கள். அந்தத் தெருவில் எங்கள் சேரிக்காரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது நான் தலைப்பாகையும் சிவப்புச் சட்டையும் காலில் செருப்புமாக நிற்கிறேன், ஒரு ராஜ்ஜியத்து மந்திரி எனக்கு முன்னால் குடையை மடக்குகிறான். எங்களுக்குப் பெரிய தெருக்காரர்கள் செய்ததை நான் இங்கே செய்கிறேன், எனக்குக் கூச்சமே வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ? சடையன் இருந்திருந்தால் கேட்டிருப்பான், அவனுக்கு இந்த மாதிரி வாய். மந்திரிக்குக் குடையை மடக்க வச்சே, பெரிய தெருவுல போய் இதைச் செய்யேன் பார்ப்போம் என்பான். இருந்திருந்தால். மூன்று அடி, உரசல். யோவ், நிறுத்துடா.

சடையனுக்கு இடதுகையில் இரண்டு விரல் நிமிராது. சின்ன வயதில் ஏற்றக் கயிற்றில் சிக்கிக்கொண்டவை. பறை அடிக்கிறபோது இடதுகையில் பிடிக்கிற நீளக் குச்சி அந்த விரல்களுக்குள் நிற்காது, மூன்று அடிக்கு ஒருமுறை வழுக்கும், விழ வேண்டிய அடி உரசலாகப் போகும். சாவு வீட்டில் இவன் அடித்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். முதலில் திட்டினார்கள், அப்புறம் அதுவே பிடித்துப்போய், சடையன் அடி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் பாட்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தான். நான்தான் பூந்தமல்லியில் பட்டாளத்தில் சேர்ந்து, லீவில் போய், சட்டையைக் காட்டி, செருப்பைக் காட்டி, எத்தனை காலத்துக்குடா அடுத்தவன் பிணத்துக்கு முன்னால் ஆடுவே, வா, இங்கேயும் மேளம்தான், ஆனால் நின்ற நிலையில் அடிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். வந்தான். பட்டாளத்து ஒழுங்கு எதுவும் அவனுக்கு ஏறவில்லை. காவலில் நிற்பவன் எவன் வந்தாலும் 'ஹுக்கும்தார்' என்று அதட்ட வேண்டும், வருகிறவன் 'பிரெண்டு' என்று சொல்ல வேண்டும், மூன்று தடவை அதட்டியும் பதில் வரவில்லை என்றால் சுட வேண்டும். அது வெள்ளைக்காரன் பாஷை, அர்த்தம் யாருக்குத் தெரியும், ஆனால் காவலில் இருக்கிறவன் வாய் திறக்கலாம் என்றால் அந்த ஒரு சொல்லுக்குத்தான். நான் காவலில் நிற்கிற நாளெல்லாம் சடையன் சொம்பைத் தூக்கிக்கொண்டு புதர்ப்பக்கம் போய்விட்டு வருவான். நான் ஹுக்கும்தார் என்பேன். அவன் பிரெண்டு என்று சொன்னதே கிடையாது. "உங்கொப்பன்டா!" என்பான். உனக்கும் அவன்தாண்டா என்பேன். ஒருநாள் அவில்தார் கேட்டுவிட்டு இரண்டு பேருக்கும் நாலு நாள் பாரம் சுமக்கிற தண்டனை கொடுத்தார், பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் சிரித்தான்.

ரங்கூனில் சிரிப்பெல்லாம் போயிற்று. பர்மாக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடியிருந்தார்கள், தின்ன ஒரு பிடி நெல் விட்டு வைக்கவில்லை. ஆறு மாதம் மழை. கப்பலில் வந்த அரிசி புழுத்துப்போய் வெந்தாலும் நெளிந்தது. குண்டடி பட்டுச் செத்தவன் கொஞ்சம், வயிற்றோட்டத்தில் செத்தவன் அதிகம். தனுபியுக் கோட்டையை அடிக்கப் போன காலையில் சடையன் அந்தக் கஞ்சியைத் தட்டோடு வீசினான். "உம் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ஊர்ல செத்த மாடு தின்னாலும் அது எங்க ஊரு மாடு," என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "செத்துப் போடா. செத்தா உனக்கு நான் மோளம் அடிக்கமாட்டேன்," என்றேன். எங்கள் ஜனத்தில் இதற்கு மேல் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் பிணத்துக்கும் அடிக்கிறவர்கள் நாங்கள், எங்கள் பிணத்துக்கு நாங்கள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். அவன் தம்பூரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். கோட்டையிலிருந்து அடி வாங்கிக்கொண்டு ஓடி வந்தோம், விழுந்தவர்களை விட்டுவிட்டு ஓடி வந்தோம். ஆறு நாள் கழித்து ஆற்றோடு மிதந்து வந்தன தெப்பங்கள். மூங்கிலில் ஆளை விரித்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். முகம் என்று ஒன்றும் இல்லை. யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று துரை கேட்டார், ஒருவனும் வாய் திறக்கவில்லை. தெரியவில்லை என்றால் மூங்கிலால் தள்ளி ஆற்றிலேயே விட்டுவிடுங்கள் என்றார். தெப்பத்தின் ஓரத்தில் இருந்தவன் ஒல்லி, கறுப்பு, எங்கள் பக்கத்து ஆள் மாதிரி. அவன் இடதுகையைப் பார்த்தேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லி என்ன புண்ணியம். ஐந்து விரலும் நிமிர்ந்திருந்தன. என் தம்பி என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனை தடவை கேட்டுக்கொண்டாயிற்று. பிணம் ஒன்று கேட்பாரில்லாமல் போவதை எங்கள் ஆளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, கை தானாகப் போய்விடும், அதனால் என்று சொல்லிக்கொள்வேன். அது பாதிதான். ஆறு நாளாக ஒவ்வொரு புதரையும் பார்த்து ஒவ்வொரு தெப்பத்தையும் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்க இருந்தது. செத்துவிட்டான் என்று ஆகிவிட்டால் தூங்கலாம். அதற்காக அவனைச் சாகடித்தேன். அதுதான் நிஜம். குழி வெட்டினேன், யாரோ பெற்ற பிள்ளையை இறக்கினேன், மண் தள்ளினேன். தட்டுவதற்கு ஒரு தகரத் தட்டாவது இருந்தது. தட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனாம். அப்புறம் தூக்கமும் வரவில்லை. நேற்றுப் பர்மாக்காரர்கள் பிடித்து வைத்திருந்தவர்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டாளத்து ஏட்டில் காணாமல் போனவர்கள் என்று இருக்கிற பெயர்களை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்கள், அதில் உயிரோடிருந்த பதினேழு சிப்பாய்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். பதினேழு முகத்தையும் பார்த்தேன். புதைத்தவனை எதற்குத் தேடினேன்? இதோ, மறுபடி. இது சும்மா மேளம் இல்லை. இது சாவடி. எங்கள் சேரியில் பிணம் எடுக்கிறபோது அடிக்கிற அடி. பொன் குடைக்காரன் சமாதானம் பேச வந்த இடத்தில் அவன் படகில் உட்கார்ந்து எவனோ சாவடி அடிக்கிறான், அவர்கள் நல்ல மேளம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் குசும்பு வேறு எவனுக்கு வரும்? சிரிப்பு வருகிறது. 

துபாசி வெளியே வருகிறார். காதர் மீரான் மரைக்காயர், நாகூர்க்காரர், ரங்கூனில் இருபது வருஷம் துணி விற்றவர், இப்போது இரண்டு பக்கத்துக்கும் பேச்சைப் பெயர்த்துச் சொல்கிறவர். எச்சில் துப்ப வந்திருக்கிறார். பேசக்கூடாது. உதட்டை அசைக்காமல் பேசுகிறேன். "மரைக்காயரே, அந்தப் படகுல மோளம் அடிக்கறது யாரு?" அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கிறார். "அதுவா? மந்திரி படகுக்காரன். எவனோ ஒரு கலா." கலா என்றால் யாரென்று எனக்குத் தெரியும், கடல் தாண்டி வந்த நம்மைத்தான் இவர்கள் அப்படிச் சொல்வார்கள், ரங்கூன் தெருவில் நாய்கூட அதைச் சொல்லித்தான் குரைத்தது. "நம்ம ஆளா? பிடிபட்டவனா?" என்கிறேன். "சண்டையில அகப்பட்டவன்னுதான் சொல்லுறாஹ. நல்லா அடிக்கிறான்னு மந்திரி வச்சுக்கிட்டாஹ. கால்ல சங்கிலி." சங்கிலி. "அப்போ நேத்து ஏன் குடுக்கல?" அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறார். "கேட்ட பேரைத்தானப்பா குடுப்பாஹ. உங்க ஏட்டுல அவனுக்குப் பேரில்ல போல. இன்னிக்கி முத்திரை விழுந்து, அவஹ படகு நகந்துட்டா அவன் அவஹளோட ஆளு. இனிமே யாரு போய்க் கேக்குறது?" உள்ளே மணி அடிக்கிறார்கள். அவர் போய்விட்டார். உங்க ஏட்டுல அவனுக்குப் பேரில்ல போல. பேர் இருந்தது ஐயா, நான் அடிக்க வைத்தேன்.

உள்ளே நாற்காலிகள் நகர்கின்றன. மை ஊற்றுகிறார்கள், மெழுகு உருகுகிற வாசனை வருகிறது. இப்போது என்ன செய்ய? அவில்தாரிடம் சொன்னால், நாலு வார்த்தை சொல்வதற்குள் பல்லை உடைப்பார், சொன்ன பிறகு நான் பொய் சாட்சி சொன்னவன். காவலை விட்டு நகர்ந்தால் முந்நூறு கசையடி. ஓடிப்போய் அந்தப் படகில் ஏறினால் பர்மாக்காரன் வெட்டுவான், வெட்டினால் கூடாரத்தில் இருக்கிறவர்கள் கத்தியை உருவுவார்கள், சமாதானம் நாசமாகும், இன்னும் ஒரு மழைக்காலம், புழு அரிசி, மூங்கில் தெப்பம். இங்கே நிற்கிற ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போகிற கனவில் நிற்கிறான், என்னைக் கொன்றே போடுவான். அதுகூடப் பரவாயில்லை. அவன் இல்லை என்றால்? விரல் நொண்டியான வேறு எவனாவது என்றால்? அவன்தான் என்றால்? அதுதான் பயம், சொல்லிவிடுகிறேன், அவன்தான் என்றால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பதினோரு மாதம் சங்கிலியில் இருந்தவன் அண்ணன் தேடி வருவான் என்று எத்தனை நாள் கரையைப் பார்த்திருப்பான். அண்ணன் குழி மூடிவிட்டுத் தூங்கப் போயிருந்தான். பேசாமல் நின்றால் போதும். இன்னும் அரை நாழிகை வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டு நின்றால் படகு போய்விடும், நான் புதைத்தவன் புதைத்தவனாகவே இருப்பான், நான் ஊருக்குப் போவேன், ஊரில் கருமாதி செய்வேன், அங்கேயாவது மேளம் அடிப்பேன். சீ. வெட்டுக்கிளி பறந்துவிட்டது. துணியில் ஒன்றுமில்லை.

வருகிறார்கள். முத்திரை விழுந்துவிட்டது போல, துரை சிரிக்கிறார், மந்திரி சிரிக்கிறார், யாரும் யாரையும் பார்க்கவில்லை. மந்திரி என்னைத் தாண்டிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால் வைக்கிறார். கிழவன் பொன் குடையை விரிக்கிறான். குடை விரிந்த உடனே ஆற்றில் மேளம் எழுகிறது, இப்போது தமாஷ் இல்லை, முழு வேகம், துடுப்புகள் நிமிர்கின்றன. மூன்று அடி, உரசல். மந்திரி படகில் ஏறுகிறார். கரையில் கட்டின கயிற்றை அவிழ்க்கிறார்கள். என் தலை திரும்பிவிட்டது. குடைக்குப் பின்னால் மேளத்துக்குமேல் குனிந்த ஒரு தலை, சடை பிடித்து முகத்தை மூடியிருக்கிறது. படகு ஒரு முழம் நகர்ந்துவிட்டது. காவல்காரன் வாயிலிருந்து வரக்கூடிய சொல் ஒன்றுதான், அதுதான் வந்தது. "ஹுக்கும்தார்!" கரை முழுக்கத் திரும்பிற்று. மேளம் நின்றது, உரசலில் நின்றது. "ஏமிரா இது! பட்டப்பகல்ல யாரைடா நிறுத்துறே?" அவில்தார் ஓடி வருகிறார். "ஹுக்கும்தார்!" படகில் ஈட்டிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள், மந்திரியின் சிரிப்பு போய்விட்டது, எங்கள் வரிசையில் துப்பாக்கிக் குதிரைகளைப் பின்னுக்கு இழுக்கிற சத்தம். மூன்றாவதுக்குப் பதில் வராவிட்டால் சுட வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பதில் வராது. எதற்கு வர வேண்டும், நான் யார் அவனுக்கு. அவில்தாரின் கை என் கழுத்துப்பட்டையைப் பிடிக்கிறது. "ஹுக்கும்தார்!" என்கிறேன். தண்ணீர் படகை மோதுகிற சத்தம் மட்டும். அப்புறம் அந்தச் சடைத் தலைக்குள்ளிருந்து, துருப்பிடித்துப்போன ஒரு குரல்.

"உங்கொப்பன்டா!"

அவில்தாரின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றுவிட்டது, அவருக்கும் அந்தக் குரல் தெரியும்.  உனக்கும் அவன்தாண்டா என்று சொல்ல வாய் வரவில்லை, முகமெல்லாம் ஈரம், துடைக்கக் கை எழவில்லை. துரை சிவந்துபோய் என் முன்னால் வந்து நிற்கிறார், ஏதோ கத்துகிறார், படகிலிருந்து மந்திரி ஏதோ கத்துகிறார். நடுவில் மரைக்காயர் வெள்ளையாகிப்போய் என்னைப் பார்க்கிறார். துப்பாக்கியைத் தரையில் வைக்கிறேன்.

"தனுபியுல நான் பொதச்சது யாரோ ஒருத்தன், மரைக்காயரே. பார்த்ததுமே தெரியும் எனக்கு, தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். அந்தப் படகுல இருக்கறவன் சடையன், இந்தப் பட்டாளத்துத் தம்பூர்க்காரன், எந் தம்பி. ரெண்டு பேருகிட்டயும் சொல்லுங்க, அவங்கவங்க பாசையில சொல்லுங்க."